நாலு யார்டு, நாலு காப்பி: பொது லைப்ரரி பண்ணப்போய் மாட்டிக்கொண்டேன்

கல்மண்டபம்காரன் | வெள்ளி, இரவு 11.20

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் மொத்தமே மூன்று பேர் இருக்கும் ஒரு சின்ன ஆபீஸில் ஜாவா எழுதுகிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் மாதவரம், மணலி, திருவொற்றியூர் பக்கத்து சிஎஃப்எஸ் யார்டுகள். துறைமுகத்தில் இறங்குகிற கன்டெய்னர் அங்கே வந்து நிற்கும், கஸ்டம்ஸ் வேலை முடிந்து வெளியே போகும்வரை நாள் கணக்கில் வாடகை ஏறும். அந்த பில்லைப் போடுவதுதான் எங்கள் சாஃப்ட்வேர்.

2014-இல் முதல் யார்டுக்கு எழுதினோம். 2016-இல் இரண்டாவது யார்டு வந்தபோது அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, லோகோவை மாற்றி, ரேட்டை மாற்றிக் கொடுத்துவிட்டோம். அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தபோதுதான் முதல் அடி. 15 சதவீத சேவை வரி என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் நேரடியாக எழுதி வைத்திருந்தோம், அதை எடுத்துவிட்டு உள்மாநிலம் என்றால் 9 + 9, வெளிமாநிலம் என்றால் 18 என்று பிரிக்க வேண்டும், அதையும் இரண்டு காப்பியில் தனித்தனியாக. அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்து மூன்றாவது, நான்காவது யார்டு, மறுபடி காப்பி.

சில மாதம் முன்னால் ரீஃபர் (குளிர்பதன) கன்டெய்னருக்கு கரண்ட் கட்டணம் மணி கணக்கில் போடும் இடத்தில் ஒரு தப்பைத் திருத்தினேன். மூன்று காப்பியில் திருத்தினேன், இரண்டாவது யார்டை மறந்தேன். அவர்கள் இரண்டு மாதம் அதிகமாக பில் போட்டு, இறக்குமதியாளர் சண்டைக்கு வந்து, யார்டு மேனேஜர் எனக்கு போன் பண்ணிப் பேசியதை இங்கே எழுத முடியாது.

முதலாளி சொன்னார்: "ஒரே பொது லைப்ரரியா பண்ணு." சரி என்று மூன்று வாரம் உட்கார்ந்து கன்டெய்னர் என்று எல்லாவற்றுக்கும் அப்பாவாக ஒரு பேஸ் கிளாஸ், அதிலிருந்து ரீஃபர், அபாயச் சரக்கு, அளவு மீறிய சரக்கு என்று பிள்ளைகள், ஒவ்வொரு யார்டுக்கும் அவற்றிலிருந்து பேரப்பிள்ளைகள். இப்போது பேஸ் கிளாஸில் நாற்பது மெத்தட் (ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும் கோட் துண்டு), "இந்த யார்டா, அந்த யார்டா" என்று கேட்கும் ஃபிளாக் மட்டும் பதினேழு. நேற்று ரீஃபரும் அபாயச் சரக்கும் சேர்ந்த ஒரே கன்டெய்னர் வந்தது. அதை எந்தக் கிளாஸில் போடுவது? ஜாவாவில் ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பாதான்.

காப்பியே தேவலாம் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

தங்கசாலை_தேவ் | வெள்ளி, இரவு 11.52

தேவலாம் போல என்ன, தேவலாம்தான். காப்பி அடித்தால் ஒரு இடத்தில் மறப்பீர்கள், அதோடு போச்சு. தப்பான பேஸ் கிளாஸ் நாலு இடத்தையும் ஒன்றாகக் கட்டிப்போடும். ஒரு யார்டுக்கு ஒரு வரி மாற்றினால் மற்ற மூன்றும் ஆடும். பதினேழு ஃபிளாக் என்றால் அது பொது கோட் இல்லை ப்ரோ, நாலு ப்ரோகிராமை ஒரே கோணியில் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள்.

என் வழக்கம்: முதல் தடவை எழுது, இரண்டாம் தடவை கூச்சப்படாமல் காப்பி எடு, மூன்றாம் தடவைதான் பொதுவாகப் பிரி. மூன்று உதாரணம் கையில் இருந்தால்தான் எது நிஜமாகப் பொது, எது தற்செயலாக ஒரே மாதிரி தெரிகிறது என்று புரியும்.

ஓசிஎக்ஸ்_தாத்தா | சனி, காலை 6.05

தம்பி, நான் தண்டையார்பேட்டை. ரிட்டையர் ஆகி நாலு வருஷம். விஷுவல் பேசிக் முதல் பதிப்பு 1991-இல் வந்தது, அதற்குக் கொஞ்ச காலம் கழித்து இந்தத் தொழிலுக்கு வந்தேன். அப்போது மறுபயன்பாடு என்றால் விபிஎக்ஸ், பிறகு ஓசிஎக்ஸ் என்று தயாராகக் கிடைக்கும் உதிரி பாகங்கள். கடையில் பொருள் வாங்குவது மாதிரி ஒரு கிரிட், ஒரு காலண்டர், ஒரு பார்கோட் வாங்கி ஃபார்மில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எவனும் பார்த்ததில்லை. இன்றைக்கும் சொல்வேன், அந்த அளவுக்கு சாதாரண புரோகிராமர் மறுபயன்பாட்டை அனுபவித்த காலம் வேறு இல்லை.

கஷ்டமும் அதே அளவு. கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் ஆபீஸில் எங்கள் பில்லிங் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரோ வந்து வேறு ஒரு சாஃப்ட்வேர் போட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் நாங்கள் பயன்படுத்திய அதே பெயரில் ஒரு டிஎல்எல் (பல சாஃப்ட்வேர் பகிர்ந்துகொள்ளும் கோட் ஃபைல்) கொண்டுவந்தது, ஆனால் பழைய பதிப்பு. சிஸ்டம் ஃபோல்டரில் எங்களுடையதன் மேல் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலை பில் வரவில்லை. எங்கள் கோடில் ஒரு எழுத்து மாறவில்லை, ஆனாலும் திட்டு எங்களுக்குத்தான். டிஎல்எல் நரகம் என்று அப்போது எல்லோரும் சொன்னது இதைத்தான்.

இந்த ஆசை அதற்கும் பழசு. 1968-இல் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ நடத்திய மாநாட்டில் டக் மெக்கில்ராய் எழுந்து, மற்ற தொழில்களில் உதிரிபாகம் மொத்தமாக உற்பத்தி ஆகிறது, சாஃப்ட்வேரிலும் அப்படி வேண்டும் என்று பேசினார். யூனிக்ஸில் ஒரு புரோகிராமின் விடையை அடுத்ததற்குள் அனுப்பும் பைப் வரக் காரணமாக இருந்தவரும் அவர்தான். பிறகு 1980-களில் பிராட் காக்ஸ் அப்ஜெக்டிவ்-சி என்ற மொழியை உருவாக்கி, "சாஃப்ட்வேர் ஐசி" என்றே பெயர் வைத்தார். ரிச்சி தெருவில் 555 என்ற ஒரு ஐசி (எலக்ட்ரானிக் சில்லு) கேட்டால், எந்தக் கம்பெனி செய்தது என்று பார்க்காமல் வாங்கி வருகிறோம், எட்டுக் கால், போர்டில் சொருகினால் ஓடுகிறது. கிளாஸும் அப்படி இருக்க வேண்டும் என்பது அவர் கனவு.

ஏன் அப்படி ஆகவில்லை? 555-க்கு ஒரு டேட்டா ஷீட் இருக்கிறது. 4.5 வோல்ட் முதல் 16 வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கிறது. உன் பேஸ் கிளாஸுக்கு அப்படி ஏதாவது எழுதியிருக்கிறாயா?

வியாசை_டெஸ்டர் | சனி, காலை 9.30

ஐயா சொன்னதற்கு உலகத்திலேயே விலை உயர்ந்த உதாரணம் ஏரியன் 5. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவில் முதல் தடவை ஏவினார்கள். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்கிடும் கருவியின் சாஃப்ட்வேரை ஏரியன் 4-இலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் கிடைமட்ட வேகம் சம்பந்தப்பட்ட ஒரு எண்ணை 64 பிட் தசமத்திலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று. ஏரியன் 4 போகும் பாதையில் அந்த எண் 32,767-ஐத் தாண்ட வாய்ப்பே இல்லை என்று பாதுகாப்பு எதுவும் வைக்கவில்லை. ஏரியன் 5 ஆரம்பத்திலேயே வேகம் பிடிக்கிற வண்டி. 40 நொடிக்குள் எண் தாண்டியது, கருவி படுத்தது, துணைக்கு வைத்த கருவியிலும் அதே சாஃப்ட்வேர் என்பதால் அதுவும் படுத்தது, ராக்கெட் போச்சு.

கொடுமை என்னவென்றால் அந்தக் கணக்கு ஏரியன் 5 கிளம்பிய பிறகு தேவையே இல்லை. பழைய வண்டிக்குத் தேவைப்பட்டது, அதனால் அப்படியே ஓட விட்டிருந்தார்கள்.

கோடில் பிழை இல்லை. பழைய இடத்தில் அது சரியான கோட். அதற்குள் ஒளிந்திருந்த அனுமானம்தான் புது இடத்துக்கு ஒத்துவரவில்லை. உங்கள் நாலு யார்டிலும் வாடகை ஏறாத இலவச நாளை எப்படி எண்ணுகிறார்கள்? கேட் உள்ளே வந்த நாளையே முதல் நாளாகவா, மறுநாளிலிருந்தா? பில் போட்டுப் பார்ப்பவள் என்ற முறையில் முதலில் அதைத்தான் கேட்பேன்.

கல்மண்டபம்காரன் | சனி, மதியம் 1.15

அக்கா, கேட்டீர்கள் பாருங்கள். இப்போதுதான் போய்ப் பார்த்தேன். முதல் யார்டும் மூன்றாவதும் வந்த நாளை எண்ணுகின்றன. இரண்டாவது மறுநாளிலிருந்து. நான்காவதில் ஷிப்பிங் லைனைப் பொறுத்து மாறுகிறது. நாலு காப்பியிலும் அந்த மெத்தட்டின் பெயர் ஒன்றே, அதனால் ஒரே வேலை என்று நினைத்து பேஸ் கிளாஸில் தூக்கிப் போட்டேன், பிறகு வித்தியாசம் தெரியத் தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிளாக்.

பெரம்பூர்_பெட்டி | சனி, மாலை 4.40

தலைவா, உங்கள் சிக்கல் மறுபயன்பாட்டில் இல்லை, இன்ஹெரிடன்ஸை, அதாவது அப்பா கிளாஸிலிருந்து பிள்ளை கிளாஸ் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதை, மறுபயன்பாட்டுக் கருவியாகப் பிடித்ததில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாய் ஒரு விலங்கு, பூனை ஒரு விலங்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், நாம் எதைப் பார்த்தாலும் குடும்ப மரம் வரைகிறோம்.

ஜாவாவே இந்தத் தப்பைச் செய்திருக்கிறது. முதல் பதிப்பிலிருந்தே ஸ்டாக் (மேலே வைத்து மேலேயே எடுக்கும் அடுக்கு) என்ற கிளாஸ், வெக்டர் (எந்த இடத்திலும் கை வைக்கக்கூடிய பட்டியல்) என்ற கிளாஸிலிருந்து வருகிறது. கோடை மிச்சம் பிடிக்கலாம் என்று செய்திருப்பார்கள். உங்கள் யார்டில் ஐந்து அடுக்கு நிற்கிறது, அடியில் உள்ள பெட்டி வேண்டுமென்றால் ரீச் ஸ்டாக்கர் வண்டி மேலே உள்ள நாலையும் நகர்த்த வேண்டும், அதற்கு ஷிஃப்டிங் சார்ஜ் வேறு. ஜாவா ஸ்டாக்கில் அந்தக் கவலையே கிடையாது. வெக்டரின் மெத்தட் எல்லாம் கூடவே வந்துவிட்டதால் நடுவிலிருந்து உருவலாம், நடுவில் சொருகலாம். அப்பா சொத்தோடு அப்பா கடனும் வரும். இப்போது ஜாவா ஆவணமே அதை விட்டுவிட்டு டெக் என்ற வேறொன்றைப் பயன்படுத்து என்கிறது.

கன்டெய்னர் ஒரே கிளாஸாக இருக்கட்டும். ரீஃபர் என்பது ஒரு இனம் இல்லை, அதன் மேல் ஏறும் ஒரு கட்டணம். அபாயச் சரக்கும் அப்படியே. கட்டண விதி என்று ஒரு இன்டர்ஃபேஸ் (என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் அச்சு) வையுங்கள், அதில் ஒரே ஒரு மெத்தட்: கன்டெய்னரையும் தேதிகளையும் கொடுத்தால் தொகை தரும். தரை வாடகை ஒரு விதி, ரீஃபர் கரண்ட் ஒரு விதி, ஷிஃப்டிங் ஒரு விதி. ஒவ்வொரு யார்டும் தனக்கு வேண்டிய விதிகளின் பட்டியல். ரீஃபரும் அபாயமும் சேர்ந்து வந்தால் பட்டியலில் இரண்டும் இருக்கும், அப்பா யார் என்ற கேள்வியே வராது. இலவச நாள் எண்ணுவதும் தனி இன்டர்ஃபேஸ், அதற்கு மூன்று கிளாஸ். ஸ்ட்ராடஜி பேட்டர்ன் என்று பெரிய பெயர், சமாச்சாரம் இவ்வளவுதான்.

எங்கள் அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம். பழைய ஐசிஎஃப் டிசைன் பெட்டிகளில் பெரும்பாலும் ஸ்க்ரூ கப்ளிங், புது வகை எல்ஹெச்பி பெட்டியில் வேறு வகைக் கப்ளர். இரண்டையும் இணைக்க வேண்டி வந்தால் நடுவில் டிரான்சிஷன் கப்ளர் போடுவார்களே தவிர, பெட்டியை அறுக்க மாட்டார்கள். நம் தொழிலில் அதற்கு அடாப்டர் என்று பெயர். நான்காவது யார்டில் பழைய டேட்டாபேஸ் வேறு மாதிரி இருந்தால் அதற்கு ஒரு அடாப்டர் எழுதுங்கள், பொதுக் கோடில் கை வைக்காதீர்கள்.

தண்டோரா_77 | சனி, மாலை 5.02

இதையெல்லாம் ஏஐ கிட்ட கொடுத்தா பத்து நிமிஷம் பாஸ்.

வியாசை_டெஸ்டர் | சனி, மாலை 5.10

பத்து நிமிஷத்தில் ஐந்தாவது காப்பி கிடைக்கும். இரண்டாவது யார்டு மறுநாளிலிருந்து எண்ணுகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

கல்மண்டபம்காரன் | சனி, இரவு 10.25

பெட்டி அண்ணே, கண்ணைத் திறந்துவிட்டீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஓடிக்கொண்டிருக்கிற நாலு சாஃப்ட்வேர், ஒரு நாள் நிறுத்த முடியாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசை நிற்கிற நிற்பில் பில் வரவில்லை என்றால் என்னை ஹார்பர் தண்ணீரிலேயே தள்ளிவிடுவார்கள்.

ஓசிஎக்ஸ்_தாத்தா | ஞாயிறு, காலை 6.30

கன்டெய்னர் நம்பரில் ஆரம்பி. எல்லா யார்டுக்கும் ஒன்றேயான, எந்த முதலாளியும் மாற்ற முடியாத விஷயம் அது ஒன்றுதான், ஐஎஸ்ஓ 6346 என்று உலகத்துக்கே பொதுவான விதி. நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஏ-வுக்கு 10, பி-க்கு 12 என்று போகும், 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட வேண்டும். முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், அடுத்ததை 4-ஆல் என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து மீதி பார். மீதி 10 வந்தால் 0. சிஎஸ்கியூயூ 305438 என்று போட்டுப் பார், கூட்டுத்தொகை 6185 வரும், மீதி 3. அந்தப் பெட்டியின் கடைசி இலக்கமும் 3.

டேட்டாபேஸ் வேண்டாம், ஸ்கிரீன் வேண்டாம், யாரையும் நம்பி இல்லை. மறுபயன்பாட்டுக்கென்றே பிறந்த பொருள் இப்படித்தான் இருக்கும்.

அதற்கு மேலே ஒப்பந்தம் எழுது. பெர்ட்ராண்ட் மேயர் ஐஃபல் மொழியில் அதை மொழிக்குள்ளேயே வைத்தார்: உள்ளே வரும்போது என்ன உண்மையாக இருக்க வேண்டும், வெளியே போகும்போது எதற்கு நான் பொறுப்பு. ஏரியன் விபத்துக்கும் அவர் அதைத்தான் சொன்னார், அந்த எல்லையை ஒப்பந்தமாக எழுதியிருந்தால் எடுத்துப் பயன்படுத்துகிறவன் கண்ணில் பட்டிருக்கும் என்று. ஜாவாவில் அந்த வசதி இல்லையென்றால் மெத்தட்டின் முதல் வரியில் சோதித்து எக்ஸெப்ஷன் போடு. குறிப்பில் மட்டும் எழுதாதே, எவனும் படிக்க மாட்டான்.

தங்கசாலை_தேவ் | ஞாயிறு, காலை 11.15

கருவிகள் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

நாலு காப்பியில் எது எது ஒன்று என்று கண்ணால் தேடாதீர்கள். பிஎம்டி என்ற கோட் சோதிக்கும் கருவியுடன் சிபிடி என்று ஒன்று வரும், காப்பி பேஸ்ட் கண்டுபிடிப்பதற்கென்றே உள்ளது. நாலு ஃபோல்டரையும் கொடுத்தால் இந்த நூறு வரி அங்கேயும் இருக்கிறது என்று காட்டிவிடும். ஆனால் அது சொல்வதையெல்லாம் பொதுவாக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒரே காரணத்துக்காக மாறுகிற கோடை மட்டும் சேருங்கள். இலவச நாள் யார்டு முதலாளி மனசு வைத்தால் மாறும், வரி டெல்லியில் மாற்றினால் மாறும்.

பிரிப்பதை கோட் எழுதும் இன்டெலிஜேயின் ரீஃபாக்டர் (கோடை மாற்றி அமைக்கும்) மெனுவிலேயே செய்யுங்கள், மெத்தட்டைப் பிரி, இன்டர்ஃபேஸைப் பிரி எல்லாம் அதில் உண்டு. கையால் வெட்டி ஒட்டினால் தப்பு வரும்.

வைக்கும் இடம்: மூன்று பேருக்கு லைப்ரரிகளைச் சேமித்து வைக்கும் நெக்சஸ் சர்வர் எல்லாம் ஆடம்பரம். ஒரு ரெப்போவுக்குள் (கோட் கிடங்குக்குள்) இன்னொன்றை வைக்கும் கிட் சப்மாட்யூல் பக்கம் போகாதீர்கள், நான் போய் ஒரு வருஷம் அழுதேன். ஒரே கிட் ரெப்போ, அதற்குள் மேவன் என்ற பில்ட் கருவியில் பல மாட்யூல்: பொது, கட்டணம், யார்டு ஒன்று, இரண்டு என்று. பொதுவில் ஒரு வரி மாற்றினால் நாலு யார்டின் டெஸ்டும் அங்கேயே ஓடும், யாருக்கு உடைந்தது என்று அப்போதே தெரியும். ஆபீஸ் பெரிதாகி வேறு வேறு டீம் ஆனால் அப்போது பதிப்பு எண் போட்டு ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) வெளியிடலாம்: பழையதை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண், புது வசதி என்றால் நடு எண், திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண்.

இன்னொன்று, வெளியிலிருந்து எடுக்கும் லைப்ரரி. 2016 மார்ச்சில் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக் கிடங்கில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி கோடை எழுதியவர் கோபத்தில் எடுத்துவிட்டார், அதை நம்பியிருந்த எத்தனையோ புராஜெக்ட் பில்ட் ஆகாமல் நின்றது. 11 வரியை நீங்களே எழுதிவிடுங்கள் ஐயா!

ஓசிஎக்ஸ்_தாத்தா | ஞாயிறு, மதியம் 12.00

11 வரிக்குச் சரி. என்கிரிப்ஷனையும் நீயே எழுதுவாயா? தேதிக் கணக்கை? நேர மண்டலம் எழுதப்போய்க் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தங்கசாலை_தேவ் | ஞாயிறு, மதியம் 12.20

அது வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடுத்தவுடன் கடமை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது பாதிப் பேருக்குத் தங்கள் சாஃப்ட்வேருக்குள் அது இருப்பதே தெரியாது. நாம் எடுத்த லைப்ரரி எடுத்த லைப்ரரிக்குள் இருந்தது. மேவனில் டிபென்டென்சி மரத்தை, அதாவது எது எதை நம்பியிருக்கிறது என்பதை, போட்டுப் பார்க்கும் கட்டளை இருக்கிறது, மாதம் ஒரு தடவை பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

வியாசை_டெஸ்டர் | ஞாயிறு, இரவு 8.45

எல்லோரும் சொல்வது சரி, ஆனால் தம்பிக்கு வலை கட்டாமல் கயிற்றில் ஏறச் சொல்கிறீர்கள். கோடைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு யார்டிலும் போன ஆறு மாதப் பழைய பில்லை எடுங்கள். உள்ளே போன தகவல், வெளியே வந்த தொகை, இரண்டும் டேட்டாபேஸில் இருக்கும். புது கோடுக்கு அதே தகவலைக் கொடுத்து அதே தொகை பைசா பிசகாமல் வருகிறதா என்று ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியில் ஓட விடுங்கள். பழைய பில் சரியா தப்பா என்ற விசாரணை இப்போது வேண்டாம். மாறாமல் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

ஒரு யார்டு முடிந்து இரண்டு வாரம் நிம்மதியாக ஓடின பிறகு அடுத்தது. நாலையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றுகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

கல்மண்டபம்காரன் | ஆறு வாரம் கழித்து, வியாழன், இரவு 11.50

வந்துவிட்டேன். தகவல் சொல்லாமல் போனால் தாத்தா திட்டுவார்.

பேஸ் கிளாஸைக் குப்பையில் போட்டேன். மூன்று வார உழைப்பு, மனசு வரவில்லை, ஆனால் போட்டேன். கன்டெய்னர் நம்பரில் ஆரம்பித்தேன். அதிலேயே அதிர்ச்சி. மூன்றாவது காப்பியில் மீதி 10 வந்தால் 0 என்ற வரியே இல்லை. சரியான நம்பரை சாஃப்ட்வேர் தப்பு என்று சொல்லும்போதெல்லாம் கேட்டில் இருக்கும் பையன் "செக் பண்ணாதே" பொத்தானை அழுத்திவிட்டு வண்டியை உள்ளே விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு தடவைகூட எங்களிடம் சொன்னதில்லை.

அப்புறம் வரி. அதற்குப் பிறகு கட்டண விதிகள். முதல் யார்டு, மூன்றாவது யார்டு இரண்டும் இப்போது புது கோடில் ஓடுகின்றன. பதினேழு ஃபிளாக்கில் ஒன்றுகூட இல்லை. ரீஃபர் அபாயச் சரக்குக் கன்டெய்னர் மறுபடி ஒன்று வந்தது, பட்டியலில் இரண்டு விதி, பில் வந்தது. அன்றைக்கு முதலாளி பர்மா பஜாரிலிருந்து அத்தோ வாங்கி வந்தார், அதையும் பதிவு செய்கிறேன்.

ஸ்கிரீன்களைப் பொதுவாக்கவில்லை. ஒவ்வொரு யார்டுக்கும் தனி ரசனை, அங்கே காப்பியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், தங்கசாலை ப்ரோவுக்கு ஒரு வெற்றி.

சிக்கல் இரண்டாவது யார்டில். அக்கா சொன்னபடி பழைய பில்லை ஓட்டினேன், ஒன்பது பில்லில் தொகை இடித்தது. நோண்டிப் பார்த்தால் புது கோட் சரி, பழையதுதான் தப்பு: 40 அடி கன்டெய்னர் ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்தால் ஒரு நாள் குறைவாக எண்ணுகிறது. வேண்டுமென்றே யாரோ கேட்டுச் செய்ததா, 2016-இல் நான் செய்த தப்பா, எனக்கே ஞாபகம் இல்லை. திருத்தினால் நாளை பில் ஏறும், திருத்தாவிட்டால் தெரிந்தே தப்பு.

வியாசை_டெஸ்டர் | வெள்ளி, காலை 8.10

நீங்களாக முடிவெடுக்காதீர்கள். பழைய எண்ணும் முறையைத் தனி கிளாஸாக வைத்து அந்த யார்டுக்கு மட்டும் அதைச் சொருகிவிட்டு, ஒன்பது பில்லையும் இணைத்து எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

கல்மண்டபம்காரன் | வெள்ளி, இரவு 9.35

மெயில் போட்டுவிட்டேன் அக்கா. மேனேஜர் "பார்த்துச் சொல்கிறேன்" என்றார். அதுவரை அந்த கிளாஸுக்கு "பழையபடி" என்று பெயர் வைத்து, மேலே இன்றைய தேதியும் போட்டிருக்கிறேன்.